வயோதிகத் தொழிலாளிக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்து, கிராஜுவிட்டிப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பும் தொழிலாளியை முதலில் தேடி வருகிறவர் யார்? பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுதான். கோவை, திருப்பூர், மதுரை மில்களில் வேலை முடித்து வேளாங்கண்ணி, கீழ்வேளூர், திருப்பூண்டி வட்டாரத்துக்குத் திரும்பி வரும் தோழர்கள் இதை நன்கு அறிவார்கள். "வயது அறுபது ஆகிவிட்டது. நாளைக்கே நெஞ்சுவலி என்று படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?" என்று ஏஜெண்டு கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. ஏற்கெனவே நமக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? அதில் எங்கே ஓட்டை? அந்த ஓட்டையை இந்தப் பாலிசி அடைக்குமா? அல்லது நமது சேமிப்பில் இன்னொரு ஓட்டை போடுமா? இந்த வரிசையில் யோசிக்காமல் பணம் கட்டுவது, அளவு பார்க்காமல் வரப்பு வெட்டுவது போன்றது.

நோயும் பயமும்

வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ல் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 வரை திருவிழா. லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து சேருகிறார்கள். அந்த அன்னைக்கு மக்கள் இட்ட பெயரே ஆரோக்கிய மாதா. கண், கை, கால் என்று வெள்ளியில் செய்த உறுப்புகளைக் காணிக்கையாக வைக்கிறார்கள். நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஒன்று மட்டும் கண்கூடு: ஏழை ஜனங்களின் மனதை அரிக்கும் முதல் பயம் நோய். இரண்டாவது பயம், நோய் கொண்டுவரும் கடன்.

இந்த பயத்தை வைத்து வியாபாரம் நடக்கிறது. ஆகவேதான் கணக்குத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில், யாருக்கு ஓய்வு என்று பார்ப்போம். மில் தொழிலாளிக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று உண்டு. தஞ்சை டெல்டாவின் விவசாயத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. நாற்று நட முடியாமல் முதுகு வளைந்த அன்றுதான் அவருக்கு ஓய்வு. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்த பிறகு அந்த நாள் இன்னும் சீக்கிரமாகவே வருகிறது. யாத்ரீகர் விடுதியில் அறை கூட்டுகிறவருக்கும், மெழுகுவர்த்தி விற்கிறவருக்கும் இதே கதிதான்.

வருமானமோ எவ்வளவு? 1995-ம் வருஷத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் மாதக் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்து வருஷம் கழிந்து 2024-லும் அதே ஆயிரம்தான். தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆயிற்று. இந்த 1,200-ஐ வருஷம் முழுதும் ஒரு காசு தொடாமல் சேர்த்தாலும் 14,400 ரூபாய். அறுபதைத் தாண்டிய தம்பதிக்குத் தனியார் கம்பெனி கேட்கும் வருஷப் பிரிமியம் சாதாரணமாகவே இதை விழுங்கிவிடும். இந்த நிலைமையை மனதில் வைத்துக்கொண்டுதான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் நமக்குச் சேர வேண்டியது

பஞ்சாலைத் தோழர்கள் முதலில் நினைக்க வேண்டியது ஈ.எஸ்.ஐ. இதற்கான சட்டம் 1948-ல் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் கோவைக்கு வந்தது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதமும், முதலாளி பங்காக 3.25 சதவிகிதமும் இதற்குச் செல்கின்றன.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வேலையை விட்டதும் ஈ.எஸ்.ஐ. அட்டை செத்துப்போய்விட்டது என்று நினைத்து அதைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ. பாதுகாப்புள்ள வேலையில் இருந்து, வயது முதிர்வாலோ விருப்ப ஓய்விலோ வெளியேறிய தொழிலாளி, வருஷத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டி, தனக்கும் தன் மனைவிக்கும் அல்லது கணவருக்கும் வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்று விதி வைத்தார்கள். மாதத்துக்குப் பத்து ரூபாய்! ஓய்வுக்கு முன்பே சம்பள உச்சவரம்பைத் தாண்டித் திட்டத்திலிருந்து விழுந்தவர்களில் ஒரு பகுதியினரையும் சேர்த்துக்கொள்ளும்படி 2024-ல் விதியைத் தளர்த்த முடிவு செய்யப்பட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டம் உள்பட ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே புதிய விதிப்படி தொகை என்ன, படிவம் என்ன என்பதைக் கிளை அலுவலகத்தில் சங்கத்தின் மூலம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஊர் மாறி வந்தவர்கள் மருந்தகத்தையும் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். கோவை மருந்தகத்தின் பெயர் எழுதிய அட்டையை வேளாங்கண்ணியில் வைத்துக்கொண்டு ஒரு மாத்திரைகூட வாங்க முடியாது.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. மில்லில் இருபது வருஷம் உழைத்தும் காண்டிராக்ட் கூலி என்றே வைக்கப்பட்டு, ஈ.எஸ்.ஐ. எண்ணே இல்லாமல் வெளியே வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலையில் இருக்கும் தோழர்கள் இன்றைக்கே தங்கள் எண்ணையும், பெயர், பிறந்த தேதி, குடும்ப விவரங்களையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெறும் நாளில் தேட ஆரம்பித்தால் மானேஜர் கையை விரிப்பார்.

இரண்டாவது, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரி 11 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018-ல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடும் இணைக்கப்பட்டது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரிமியம் ஒரு காசும் நாம் கட்ட வேண்டியதில்லை. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நாகை மாவட்டத்தாருக்கு அது நாகப்பட்டினம். சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

இதில் முதியவர்கள் ஏமாறும் இடம் ரேஷன் அட்டைதான். மகன் தனிக் குடித்தனம் போனான், அட்டை பிரிந்தது, கிழவியின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்ற பிறகுதான் இது தெரிகிறது. நெல் விதைப்பதற்கு முன் வயலைப் பார்ப்பது போல, உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேலும், எல்லா நோய்க்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது செல்லாது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் செல்லும். அப்படிச் சேர்க்கப்பட்ட சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ரசீது கேளுங்கள், புகார் செய்யுங்கள்.

மூன்றாவது, எழுபது வயது தாண்டியவர்களுக்கு மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய ஆயுஷ்மான் திட்டம். வருமான வரம்பு கிடையாது. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பமானால், எழுபது தாண்டிய முதியவருக்கென்று தனியாக வருஷத்துக்கு இன்னொரு 5 லட்சம். அதே வீட்டில் எழுபது தாண்டிய இருவர் இருந்தால் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களும் தனியார் பாலிசி உள்ளவர்களும்கூடச் சேரலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் பத்திரிகையில் வந்த அறிவிப்பு வேறு, ஆஸ்பத்திரி ஜன்னலில் செல்லும் அட்டை வேறு. அட்டையைக் கையில் வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்று கேட்டு வையுங்கள். அதற்குப் பிறகே அதை நம்பிக் கணக்குப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் எட்டாத இடம்

இத்தனையும் இருந்தாலும் ஓட்டை இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். ஆனால் வயோதிகரின் பணத்தைத் தினமும் கரைப்பது எது? ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டுவலித் தைலம், பரிசோதனைக் கட்டணம், தஞ்சைக்குப் போய்வர பஸ் செலவு. தனியார் பாலிசியும் சாதாரணமாக இவற்றைக் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கில் பிரிமியம் கட்டியும், மாத்திரைக்குத் தனியாகக் காசு தேட வேண்டியிருக்கும்.

இந்த ஓட்டையை அடைப்பது அரசாங்க ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. கிராமத்தில் அந்தப் பட்டியலில் எல்லா முதியவரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது நமது விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையின் வேலை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பக்கவாதமும் மாரடைப்பும் பெருமளவு தடுக்கப்படும். ஐந்து லட்சம் ரூபாய் பாலிசியைவிட அது பெரிய பாதுகாப்பு.

தனியார் பாலிசியின் உள்ளே

சரி, இதற்கு மேலும் ஒரு துணைப் பாலிசி வாங்கலாமா? வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள் என்கிறோம்.

முதல் விஷயம், காத்திருப்புக் காலம். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால், அது சம்பந்தமான சிகிச்சைக்குக் கம்பெனி உடனே பணம் தராது. இந்தக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2024-ல் விதித்தது; அதற்கு முன் 48 மாதம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். ஆக, 66 வயதில் வாங்கும் பாலிசி பழைய நோய்க்கு உதவத் தொடங்கும்போது வயது 69 ஆகிவிடலாம். அதுவரை பிரிமியம் தவறக்கூடாது.

இரண்டாவது, அறை வாடகை உச்சவரம்பும் பங்குத் தொகையும். ஒரு கணக்குப் போடுவோம். பில் 1,00,000 ரூபாய். அதில் மருந்தும் உடம்பில் பொருத்தும் கருவியும் 30,000. அறை, டாக்டர், ஆபரேஷன் அறைக் கட்டணம் 70,000. பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 2,000 வரை. கிடைத்ததோ 4,000 ரூபாய் அறை. கம்பெனி என்ன செய்யும்? "பாதி வாடகைதான் உங்கள் தகுதி" என்று அந்த 70,000-ஐயும் பாதியாக்கி 35,000 என்று எழுதும். மருந்தையும் சேர்த்து 65,000. பாலிசியில் 20 சதவிகிதம் உங்கள் பங்கு என்று இருந்தால் அதில் 13,000 கழியும். கம்பெனி கொடுப்பது 52,000. தொழிலாளி தலையில் விழுவது 48,000. "முழுக் காப்பு" என்று ஏஜெண்டு சொன்ன வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்!

மூன்றாவது, டாப்-அப் என்ற மலிவுப் பாலிசி. பிரிமியம் குறைவு, ஏன் குறைவு? 3 லட்சம் வரை செலவை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல்தான் கம்பெனி என்ற நிபந்தனை இருக்கும். இதிலும் இரண்டு ரகம். ஜனவரியில் 2 லட்சம், ஆகஸ்டில் 2 லட்சம் செலவானால், சாதாரண டாப்-அப் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் என்பது வருஷத்துக்கு மொத்தமாக 4 லட்சம் என்று கூட்டி, 1 லட்சம் தரும். அடியில் வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாதவர் டாப்-அப் மட்டும் வாங்குவது, அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவது.

நான்காவது, நோயை மறைப்பது. "பிரஷர் இருக்கிறது என்று எழுத வேண்டாம், பிரிமியம் ஏறும்" என்று சொல்லும் ஏஜெண்டு உங்களுக்குக் குழி தோண்டுகிறார். கமிஷன் அவருக்கு அன்றே வந்துவிடும்; பின்னால் கோரிக்கை நிராகரிக்கப்படும்போது அவர் இருக்கமாட்டார். தொடர்ந்து 60 மாதம் பிரிமியம் கட்டிய பிறகு, மோசடியை நிரூபித்தாலொழிய, மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி நிராகரிக்க முடியாது என்பது 2024 விதி. ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்குள் நோய் வந்தால்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதிய படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. வங்கியில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அதைப் பலர் வைத்திய இன்ஷூரன்ஸ் என்று எண்ணுகிறார்கள். பிரதமர் சுரக்ஷா பீமா என்ற அது விபத்தில் சாவுக்கும் ஊனத்துக்கும் மட்டும். அதுவும் 70 வயது வரைதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் ஒரு காசு கிடையாது.

நமது அபிப்பிராயம்

முதியோர் பென்ஷனை நம்பியிருக்கும் விவசாயத் தொழிலாளி, தனியார் பிரிமியத்துக்காகக் கடன் வாங்கக் கூடாது. தாலியை அடகு வைக்கக் கூடாது. முதலமைச்சர் திட்ட அட்டை, வயது இருந்தால் எழுபது வயது அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவு ஆகிய மூன்றையும் இந்த மாதமே உறுதி செய்துகொள்ளட்டும்.

ஈ.எஸ்.ஐ. தகுதியுள்ள ஓய்வு பெற்ற மில் தொழிலாளி அதை ஒருநாளும் கைவிடக் கூடாது. வெளிநோயாளி வைத்தியமும் மருந்தும் தருவது அதுதான். அதற்கு மேல் பிள்ளைகள் கட்ட முன்வந்தால், ஒரு சூப்பர் டாப்-அப் பற்றி யோசிக்கலாம்.

ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, மகன் வருமானத்தால் முதலமைச்சர் திட்டமும் இல்லை, எழுபது வயதும் ஆகவில்லை: இந்த நிலையில் உள்ளவருக்குத்தான் பாலிசி உண்மையில் தேவைப்படுகிறது. அவர் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியைக் கேட்டுப் பார்க்கட்டும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனையில் அதை விற்க வேண்டும் என்று 2020-ல் உத்தரவு வந்தது. நிபந்தனை ஒன்றாக இருப்பதால் பிரிமியத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். பங்குத் தொகையும் 5 சதவிகிதம்தான். பொதுத்துறைக் கம்பெனியில் முதலில் விசாரிக்கலாம். தனிநபர் வைத்தியப் பாலிசிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ரத்தானது; அதைச் சேர்த்துக் கேட்டால் ஏமாறாதீர்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. முதியோர் பிரிமியத்தை வருஷத்துக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டார்கள்.

கம்பெனி மறுத்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். பதில் சரியில்லை என்றாலோ ஒரு மாதம் மௌனம் என்றாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தனி மனிதனால் அடைக்க முடியாத ஓட்டை

பாலிசியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடுமா? தீராது. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 65 வயதானவர்களுக்கு 1965-ல் மெடிக்கேர் என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் வந்தது. ஆனால் டாக்டர் செலவில் ஐந்தில் ஒரு பங்கை முதியவர் தலையிலேயே விட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கக் கம்பெனிகள் வேறு பாலிசி விற்கின்றன. எதை வாங்குவது என்று அந்நாட்டு ஓய்வூதியர்கள் வருஷாவருஷம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் வைத்தியமே பொதுச் சேவை ஆயிற்று; எந்தத் தொழிலாளியும் டாக்டரைப் பார்க்கப் பாலிசி தேடவில்லை. பணம் கட்ட முடியாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று நம் நாட்டிலேயே 1946-ல் போர் கமிட்டி எழுதி வைத்தது.

இங்கே நடந்ததோ வேறு. 1973-ல் தேசியமயமான பொது இன்ஷூரன்ஸ் துறை, 1999 சட்டத்தால் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நிய மூலதன வரம்பு 26-லிருந்து 49, 2021-ல் 74 சதவிகிதம் என்று ஏறியது. 2025 டிசம்பரில் அதை நூறாக்கும் மசோதாவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கம்பெனி வந்தால் வைத்தியம் வரும் என்கிறார்கள். டாக்டரும் நர்ஸும் மருந்தும் இல்லாத ஊரில் பாலிசிக் காகிதத்தைக் கரைத்தா குடிப்பது?

"அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம், அவசரத்துக்கு உதவாது" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். கூட்டம் உண்மைதான். அதற்காகத்தான் தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும் முதலமைச்சர் திட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறோம். ஆனால் கூட்டத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியைப் பெருக்குவதே. நாகை மாவட்டத்துக்கு ஓரத்தூரில் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஜனங்கள் கேட்டதால்தான் இப்படிப்பட்டவை வருகின்றன. அங்கே போதிய டாக்டர்களும், கிராமங்களிலிருந்து பஸ்ஸும், இருதயம், சிறுநீரக வைத்தியமும் முழுமையாக இருக்கச் செய்வது அடுத்த வேலை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஓய்வு பெற்ற ஒவ்வொரு மில் தொழிலாளிக்கும், காண்டிராக்ட் தொழிலாளி உள்பட, ஆயுள் முழுதும் ஈ.எஸ்.ஐ. வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு அறுபது வயதிலிருந்தே, வருமானச் சான்றுக்கு அலையவிடாமல், வைத்தியப் பாதுகாப்பு வேண்டும். மாத்திரையும் பரிசோதனையும் கிராமத்திலேயே இலவசமாக வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். கிராமத்தில் அறுபது தாண்டியவர் யார் யார், யாரிடம் எந்த அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய் எழுதட்டும். இல்லாதவர்களைத் திரட்டி ஒரே நாளில் நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸுக்கு அழைத்துச் செல்லட்டும். தனியாகப் போகும் கிழவரை "நாளை வா" என்று அனுப்பிவிடலாம். ஐம்பது பேர் சேர்ந்து போனால் அப்படிச் சொல்ல முடியாது, தோழர்களே!